டி.டி.எஸ். கருவி சொல்லாதவை: வீட்டு நிலத்தடி நீரைச் சோதிப்பது எப்படி?

சென்ற வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்த இளம்பெண் ஒருவர் வயிற்றுப்போக்குடன் எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டார். ஆறு வாரங்களுக்குள் அது மூன்றாவது முறை. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடாமல் காக்கும் டாக்ரோலிமஸ் என்னும் மருந்தின் அளவு, வயிற்றுப்போக்கின்போது இரத்தத்தில் எதிர்பாராத வகையில் உயரக்கூடும். ஒருபுறம் உடலின் நீர்ச்சத்து குறைகிறது. மறுபுறம் மருந்தின் அளவு கூடுகிறது. இரண்டுமே சிறுநீரகத்தைத் தாக்கும். அவருக்கும் அதுவே நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் கிரியேட்டினின் ஏறியது. இறங்கியபோது பழைய அளவுக்கு முழுமையாக இறங்கவில்லை.

அவருக்குச் சிறுநீரகத்தைக் கொடையளித்தவர் அவருடைய தாயார். வீட்டுத் தண்ணீரைப் பற்றி நான் கேட்டபோது, அந்த அம்மா கைப்பையிலிருந்து பேனா போன்ற ஒரு சிறு கருவியை எடுத்துக் காட்டினார். "தினமும் காலையில இதை வச்சுப் பார்த்துட்டுத்தான் டாக்டர் அவளுக்குத் தண்ணி கொடுக்கிறேன். நூறைத் தாண்டினதே இல்லை" என்றார். அவர் சொன்னது உண்மை. கருவியிலும் பழுதில்லை. ஆனால், அவருடைய மகளைத் துன்புறுத்திக்கொண்டிருந்ததை அளக்கும் ஆற்றல் அந்தக் கருவிக்குக் கிடையாது.

சென்னையிலும் அதன் புறநகரிலும் வாழும் நம் நோயாளர்களில் பெரும்பாலோர் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஏதேனும் ஒரு வகையில் பயன்படுத்துகின்றனர். அந்த நீரை எவ்வாறு சோதிப்பது, ஆய்வறிக்கையை எவ்வாறு படிப்பது, குறை இருப்பின் என்ன செய்வது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி எதை அளக்கிறது?

டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு. வீடுகளில் பயன்படும் சிறு கருவி இதை நேரடியாக அளப்பதில்லை. நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை அளந்து, அதைக் கொண்டு உப்புகளின் அளவைக் கணித்துக் காட்டுகிறது. உப்பு மிகுந்தால் எண் உயரும், அவ்வளவே.

நோய்க்கிருமிகள் கரைந்த உப்புகள் அல்ல. ஒரு லிட்டர் தூய நீரில் ஒரு துளி சாக்கடை நீர் கலந்தால் கருவியின் எண் ஏறக்குறைய மாறாது. அந்தத் துளியிலோ நோய் தருவதற்குப் போதுமான கிருமிகள் இருக்கலாம். அதேபோல், எந்த உப்பு எவ்வளவு என்றும் கருவி பிரித்துச் சொல்லாது. 300 என்று காட்டும் நீரில் ஃபுளோரைடு 0.5 மில்லிகிராம் இருக்கலாம், 2.5 மில்லிகிராமும் இருக்கலாம். முன்னது ஏற்புடையது, பின்னது எலும்பையும் பல்லையும் கெடுக்கும் அளவு. இரண்டு நீருக்கும் கருவி காட்டும் எண் ஒன்றே.

நீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருவோர் சிலர் செய்து காட்டும் ஒரு செய்முறையையும் இங்குச் சொல்ல வேண்டும். குழாய் நீர் ஒரு குவளையிலும், ஆர்.ஓ. நீர் மற்றொரு குவளையிலும் இருக்கும். இரண்டிலும் உலோகத் தண்டுகளை நுழைத்து மின்சாரத்தைச் செலுத்துவார்கள். சிறிது நேரத்தில் குழாய் நீர் பழுப்பாகிக் குழம்பும், ஆர்.ஓ. நீர் தெளிவாகவே நிற்கும். "நீங்கள் குடிக்கும் அழுக்கைப் பாருங்கள்" என்பார்கள். அந்தப் பழுப்பு நிறம் பெரும்பாலும் தண்டிலுள்ள இரும்பு கரைந்து வந்தது. குழாய் நீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, இரும்பு கரைகிறது. ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு; மின்சாரம் பாயவில்லை, இரும்பும் கரையவில்லை. நல்ல ஊற்று நீரை வைத்துச் செய்தாலும் அது பழுப்பாகவே மாறும். இதை நீர்ச் சோதனை என்று நம்ப வேண்டாம்.

டயாலிசிஸ் அறையில் நாங்கள் செய்வது

நலமாக உள்ள ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீர் அருந்துவதாகக் கொண்டால், வாரத்துக்கு 14 லிட்டர். இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் சுத்திகரிப்புத் திரவம் செல்கிறது. வாரத்துக்கு மூன்று முறை எனில் 360 லிட்டர். அந்தத் திரவத்துக்கும் அவருடைய இரத்தத்துக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. எனவேதான் டயாலிசிஸ் பிரிவுகளில் நீரைக் கரி வடிகட்டியிலும் ஆர்.ஓ. அமைப்பிலும் செலுத்திய பின்னரும், அதில் குளோரின் எஞ்சியுள்ளதா, கிருமிகளும் அவற்றின் நச்சுக்கூறுகளும் உள்ளனவா என்று முறைவைத்துச் சோதிக்கின்றனர். கருவி ஓடுகிறது என்பதாலேயே நீர் நன்றாக இருக்கிறது என்று அங்கு எவரும் முடிவு செய்வதில்லை.

வீட்டுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஆனால் அந்த மனப்பான்மை தேவை. பார்வைக்குத் தெளிவு, நாவுக்குச் சுவை, கருவிக்குச் சிறிய எண் ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் அவை ஆய்வறிக்கைக்கு ஈடாகமாட்டா.

நம் நகரின் மண்ணுக்கு அடியில்

சென்னையின் நிலத்தடி நீர் எல்லா இடத்திலும் ஒரே தன்மையுடையது அன்று. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் மணற்பாங்கான நிலம். மழைநீர் அங்கு எளிதில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கிறது. அதை அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு நீர் மேலேறி வரும். நகருக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பல்லாண்டுகள் மிகுதியாக நீர் இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் உள்நாட்டை நோக்கி ஊடுருவியது ஆய்வாளர்கள் நன்கறிந்த செய்தி. மேற்கே களிமண்ணும் கடினப் பாறையும் மிகுந்த பகுதிகளில், பாறை இடுக்குகளிலிருந்து நீர் வருகிறது. அங்குக் கடினத்தன்மையும் இரும்பும் தொல்லை தருவதுண்டு.

இவை இயற்கையின் வேறுபாடுகள். நகரம் சேர்த்தது வேறொன்று: கழிவுநீர். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத புறநகர்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் உண்டு. கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர், அதாவது ஏறத்தாழ 50 அடி இருக்க வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்கு நாங்கள் கற்பிக்கும் விதி. அரை கிரவுண்டு மனை என்பது 1200 சதுர அடி. 30 அடி அகலம், 40 அடி நீளம் என்று கொள்வோம். அதன் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள தொலைவு சரியாக 50 அடி. எனவே ஒரு மூலையில் ஆழ்துளைக் கிணறும் எதிர் மூலையில் கழிவுநீர்த் தொட்டியும் அமைத்தால் மட்டுமே அவ்விதி நிறைவேறும். அப்போதும் பக்கத்து வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நம் கிணற்றுக்கு அருகில் இருக்கக்கூடும். நம் வீட்டில் எல்லாம் சரியாக இருப்பதால் மட்டும் நம் நீர் சரியாக இருந்துவிடாது என்பதற்கு இக்கணக்கே போதும்.

ஆழத்தையும் நம்பிவிட முடியாது. "முந்நூறு அடி போட்டிருக்கிறோம், அவ்வளவு ஆழத்துக்குச் சாக்கடை போகாது" என்று பலர் கூறுவர். ஆழத்தைக் காட்டிலும் மேற்பகுதியில் இறக்கிய உறைக்குழாய் எவ்வளவு தூரம் சென்றுள்ளது, அதைச் சுற்றியுள்ள இடைவெளி சிமெண்டால் அடைக்கப்பட்டுள்ளதா, குழாயின் வாய் தரைமட்டத்துக்கு மேலே உயர்ந்து மூடியுடன் உள்ளதா என்பவையே முக்கியம். மழைக்காலத்தில் தெருநீர் அந்த இடைவெளி வழியே நேராக உள்ளே இறங்கிவிடும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது பல பகுதிகளில் கிணறுகளும் கீழ்த்தொட்டிகளும் கழிவுநீர் கலந்த வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

எப்போது சோதிக்க வேண்டும்?

ஆண்டுக்கு இருமுறை சோதிப்பது நல்லது. ஒன்று, நீர்மட்டம் தாழ்ந்து உப்புகள் செறிந்திருக்கும் மே மாதத்தில். மற்றொன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரியில். கோடையில் வேதியியல் சோதனையும் மழைக்குப் பின் கிருமிச் சோதனையும் கட்டாயம். இவை தவிர, பின்வரும் சூழல்களில் உடனே சோதிக்க வேண்டும்:

கிணற்றையோ கீழ்த்தொட்டியையோ வெள்ளம் சூழ்ந்திருந்தால், நீரின் நிறம், மணம், சுவை திடீரென்று மாறினால், புதிதாக ஆழ்துளைக் கிணறு தோண்டினாலோ பழையதை ஆழப்படுத்தினாலோ, வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு அல்லது மஞ்சள் காமாலை ஏற்பட்டால், வீட்டில் ஒருவர் மாற்று அறுவை சிகிச்சையோ புற்றுநோய் மருந்துச் சிகிச்சையோ தொடங்கவிருந்தால், கைக்குழந்தை பிறக்கவிருந்தால்.

மாதிரி எடுக்கும் முறை

ஆய்வகம் எவ்வளவு சிறந்ததாயினும், மாதிரி தவறாக எடுக்கப்பட்டால் அறிக்கையும் தவறாகும். இரண்டு சோதனைகளுக்கும் இரண்டு வெவ்வேறு மாதிரிகள் தேவை.

வேதியியல் சோதனைக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர் வேண்டும். புதிய, தூய பிளாஸ்டிக் புட்டி போதும். குளிர்பானம் இருந்த புட்டியைத் தவிர்க்கவும். மோட்டாரை ஐந்து முதல் பத்து நிமிடங்கள் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த நீர் வெளியேறிய பின், அதே நீரால் புட்டியை இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும்.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்திலிருந்தே கிருமி நீக்கிய புட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதை அலசக் கூடாது. குளோரின் கலந்த நீரைச் சோதிப்பதாயின் அதை முன்கூட்டியே ஆய்வகத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கான புட்டியில் குளோரினைச் செயலிழக்கச் செய்யும் மருந்து இடப்பட்டிருக்கும். கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். குழாய் முனையில் துணியோ வடிகட்டியோ கட்டியிருந்தால் அகற்றுங்கள். உலோகக் குழாயாயின் முனையைச் சுடரால் காட்டிச் சூடாக்கலாம். பிளாஸ்டிக் குழாயாயின் சாராயம் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். சில நிமிடங்கள் நீரை ஓடவிட்டு, பின்னர் மூடியின் உட்புறமோ புட்டியின் வாயோ கையில் படாதவாறு பிடித்து, மேலே சிறிது காற்றிடம் விட்டு நிரப்பி உடனே மூட வேண்டும். பனிக்கட்டி வைத்த பெட்டியில் எடுத்துச் சென்று, இயன்றால் ஆறு மணி நேரத்துக்குள், எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை எடுத்துத் திங்களன்று மாலை சேர்ப்பது பயன் தராது.

எந்தக் குழாயில் எடுப்பது என்பது முக்கியமான கேள்வி. கிணற்று நீர் நேராக விழும் இடத்தில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று, ஆர்.ஓ. கருவி இருப்பின் அதன் குழாயில் ஒன்று. இந்த மூன்றையும் ஒப்பிட்டால்தான் குறை கிணற்றிலா, தொட்டியிலா, கருவியிலா என்பது தெரியும்.

கிண்டியில் 1899-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கிங் நிலையத்தில் குடிநீர் ஆய்வு நடைபெறுகிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகங்கள் உண்டு. தனியார் ஆய்வகத்தை நாடினால், நீர் ஆய்வுக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டறியுங்கள். கட்டணம், மாதிரி பெறும் நாள், புட்டி ஆகியவற்றைத் தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்வது நலம். கருவி விற்பவரே இலவசமாகச் செய்து தரும் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்யத்தக்க ஓர் எளிய கிருமிச் சோதனையும் உண்டு. மருந்திட்ட சிறு புட்டியில் நீரை ஊற்றி அறை வெப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு உள்ள நீர் கருமையாக மாறும். ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனை என்பது அதன் பெயர். கருமையானால் நீரைக் காய்ச்சத் தொடங்கிவிட்டு ஆய்வகத்தை நாடுங்கள். கருமையாகவில்லை என்பதை மட்டும் கொண்டு, நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் இருக்கும் வீட்டில் ஆய்வகச் சோதனையைக் கைவிட வேண்டாம்.

அறிக்கையைப் படிப்பது எப்படி?

இந்தியாவில் குடிநீருக்கான தரநிலை ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. அதில் பல பொருள்களுக்கு இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீர் கிடைக்காத நிலையில் பொறுத்துக்கொள்ளத்தக்க உச்ச அளவு. பின்வருவனவற்றில் கிருமிகள் தவிர ஏனைய எண்கள், வேறு குறிப்பு இல்லாதவிடத்து, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் உள்ளவை.

இ.கோலை: 100 மில்லி லிட்டர் நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இது மனித, விலங்கு மலத்தில் வாழும் கிருமி. இது இருக்குமாயின் காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் வருவதற்கு வழி திறந்துள்ளது என்று பொருள். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுவே.

கலங்கல்: 1 அலகு, உச்சம் 5. கலங்கிய நீரில் குளோரினும் புற ஊதாக் கதிரும் சரிவரச் செயல்படமாட்டா.

பி.எச்.: 6.5 முதல் 8.5 வரை. இதற்கு அலகு இல்லை.

மொத்தக் கரைபொருள்: 500, உச்சம் 2000.

கடினத்தன்மை: 200, உச்சம் 600. சோப்பு நுரைக்காமைக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவுக்கும் காரணம். "உப்புத் தண்ணீரால்தான் சிறுநீரகக் கல் வந்ததா?" என்று கேட்காத நோயாளர் இல்லை. கடின நீர் கல்லை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. போதிய நீர் அருந்தாமையே மிகப் பெரிய காரணம். சுவை பிடிக்காமல் குறைவாகக் குடிக்கிறீர்களாயின், அந்த வழியில் மட்டுமே கடின நீர் குற்றவாளி.

குளோரைடு: 250, உச்சம் 1000. கடலோரத்தில் இது உயர்வது கடல்நீர் ஊடுருவலின் அடையாளமாக இருக்கலாம்.

நைட்ரேட்: 45. இதற்குத் தளர்வு இல்லை. வயல்களற்ற நகரப் பகுதியில் நைட்ரேட் மிகுந்திருந்தால், கழிவுநீர் நெடுநாளாகக் கலந்து வருகிறதா என்று ஐயுற வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த நீரில் பால்மாவு கலந்து கொடுத்தால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து குழந்தை நீலம் பூக்கக்கூடும்.

ஃபுளோரைடு: 1.0, உச்சம் 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் இது நெடுங்காலத் தொல்லை. அங்கிருந்து சிகிச்சைக்கு வருவோர் தம் ஊர் நீரில் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். பழுதுற்ற சிறுநீரகம் ஃபுளோரைடைச் சரிவர வெளியேற்றாது.

சோடியம் வழக்கமான பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. உயர் இரத்த அழுத்தம், இதயத் தளர்ச்சி, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர் வீட்டில் அதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். லிட்டருக்கு 300 மில்லிகிராம் சோடியம் உள்ள நீரை இரண்டு லிட்டர் குடித்தால், அதிலேயே 600 மில்லிகிராம் சேரும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவோ 2000 மில்லிகிராமுக்கும் குறைவு. ஊறுகாயையும் அப்பளத்தையும் துறந்தவர், தண்ணீரில் உப்பைக் குடித்துக்கொண்டிருப்பார்.

குறை தெரிந்தபின் செய்ய வேண்டியவை

குறை எதுவோ அதற்கேற்ற தீர்வையே தேட வேண்டும். இங்குத்தான் பல குடும்பங்கள் பணத்தை வீணாக்குகின்றன.

கிருமி இருப்பின், முதல் தீர்வு காய்ச்சுதல். நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிட்டு, கைபடாமல் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். குளோரினுக்கு எளிதில் மடியாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் கொதிநீரில் மடியும். எனவே மாற்றுச் சிறுநீரகம் பெற்றோருக்குக் காய்ச்சிய நீரே மிகவும் நம்பத்தக்கது.

நைட்ரேட்டோ ஃபுளோரைடோ மிகுந்திருந்தால் காய்ச்சுவது உதவாது. நீர் ஆவியாகும், உப்பு தங்கும், செறிவு சற்றே உயரும். இங்கு ஆர்.ஓ. பயன் தரும், அல்லது குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரை நாட வேண்டும். மொத்தக் கரைபொருள் 500-க்குக் கீழும் ஏனைய உப்புகள் அளவுக்குள்ளும் இருப்பின் ஆர்.ஓ. தேவையே இல்லை.

கடின நீரை மென்மையாக்கும் கருவிகளில் ஓர் எச்சரிக்கை உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை கால்சியத்தை நீக்கி அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. கடினத்தன்மை 100 குறைந்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் கூடும். 600 கடினத்தன்மையை முழுதும் நீக்கினால் ஏறத்தாழ 276 மில்லிகிராம். குளிக்கவும் துவைக்கவும் அது நன்று. சிறுநீரக, இதய நோயாளர் குடிக்க ஏற்றதன்று.

தொட்டியில் குறை இருப்பின் தொட்டியைச் சரிசெய்ய வேண்டும். முற்றிலும் இறைத்து, தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, மூடியை உயர்த்திப் பொருத்துங்கள். பின்னர் 1000 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது தொடக்க அளவு. அதை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். குழாயில் வரும் நீரில் எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். இதை அறியும் சிறு சோதனைப் பெட்டி கடைகளில் கிடைக்கும்.

எதைச் செய்தாலும் அதன்பின் மறுபடியும் ஒருமுறை சோதியுங்கள். ஆர்.ஓ. கருவியின் சேமிப்புக் கலத்திலும் கிருமி வளரும். சவ்வையும் வடிகட்டியையும் மாற்றிய நாளை கருவியின்மேல் எழுதி ஒட்டிவையுங்கள்.

தனிக் கவனம் தேவைப்படுவோர்

மாற்று உறுப்பு பெற்றோர், வாய் கொப்பளிக்கவும், பல் துலக்கவும், பச்சையாக உண்ணும் காய்கனிகளைக் கழுவவும் காய்ச்சி ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். வயிற்றுவழிச் சுத்திகரிப்பு செய்துகொள்வோர், குழாய் வெளிவரும் இடத்தில் கிணற்று நீரோ தொட்டி நீரோ படாமல் காக்க வேண்டும். கிணற்றிலும் குளத்திலும் இறங்கிக் குளிக்கக் கூடாது. கருவுற்ற பெண்களுக்கு, அசுத்த நீரால் பரவும் ஈ வகை மஞ்சள் காமாலை உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். நீரின் அளவைக் கட்டுப்படுத்துமாறு மருத்துவர் கூறியிருப்போர், நீர் தூய்மையானது என்பதற்காக அளவை மீறலாகாது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு வயிற்றுப்போக்கு தொடங்கினால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல் அன்றே எங்களைத் தொடர்புகொள்ள வேண்டும்.

அந்தத் தாயார் வீட்டில்

மூன்று குழாய்களிலிருந்தும் மாதிரி எடுத்துவருமாறு அந்த அம்மாவிடம் கூறினோம். கிணற்று நீரில் உப்பு மிகுதி, இ.கோலை இல்லை. ஆர்.ஓ. நீர் எல்லா வகையிலும் தரநிலைக்குள் இருந்தது. சமையலறைக் குழாய் நீரில் இ.கோலை இருந்தது. கிணற்றுக்கும் குழாய்க்கும் இடையே இருந்தது கீழ்த்தொட்டி. அதன் மூடி விரிந்திருந்தது. நான்கு அடி தொலைவில் கழிவுநீர் ஆய்வுக்குழி. மழை பெய்த நாள்களில் குழி நிரம்பி வழிந்ததை வீட்டார் பார்த்திருந்தனர். இரண்டையும் சேர்த்து எண்ணவில்லை. மகள் குடித்தது ஆர்.ஓ. நீர்தான். ஆனால் பல் துலக்கியதும், புதினாவையும் வெள்ளரியையும் கழுவியதும், மோரில் அவசரத்துக்குச் சேர்த்ததும் சமையலறைக் குழாய் நீர்.

மூன்று முறை வந்த வயிற்றுப்போக்குக்கும் அதுவே காரணம் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவ இயலாது. தொட்டியைச் செப்பனிட்டு, மேற்சொன்ன பழக்கங்களை மாற்றிக்கொண்ட பின் இதுவரை அவர் வயிற்றுப்போக்குடன் வரவில்லை. கிரியேட்டினின் நிலையாக உள்ளது.

அறிக்கையைப் பார்த்த அந்த அம்மா, "நான் கொடுத்ததை நானே கெடுத்துட்டேனா டாக்டர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். நாள் தவறாமல் நீரை அளந்த ஒருவரிடம் அக்கறைக்குக் குறைவில்லை. அவருக்குக் கிடைத்த கருவிதான் கேட்ட கேள்விக்கு விடை தரக்கூடியதன்று. இப்போது அவர் மே மாதத்திலும் ஜனவரியிலும் ஆய்வகத்துக்குச் செல்ல நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, உங்கள் வீட்டு நீரின் ஆய்வறிக்கையையும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளுடன் சேர்த்துக் கொண்டுவாருங்கள். இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்போம்.